தாராவி முறுக்குப் பட்டறைக்கு கம்ப்யூட்டர் எடுத்து மாட்டின விவரம்

சித்திக்கு தாராவியில முறுக்குப் பட்டறை. முறுக்கு, காராச்சேவு, மிக்சர், ஓலை பக்கோடா, இங்க மராட்டிக்காரங்க விரும்பிக் கேக்கற பாஜணி சக்லி எல்லாம் போடறாங்க. கீழ அடுப்பு, மேல் தட்டுல பேக்கிங், வாசல் ஓரமா ஒரு மேசை போடற அளவுக்கு இடம், அதுதான் ஆபீஸ். அந்த மேசைக்கு அடியில இருந்த பழைய கம்ப்யூட்டர் 2025 செப்டம்பர்ல படுத்துருச்சு. படுத்த நேரம் எப்படின்னு பாருங்க, செப்டம்பர் 22 நவராத்திரி ஆரம்பம், அன்னைக்கே ஜிஎஸ்டி ரேட்டு மாறுது, பாக்கெட் போட்டு லேபிள் ஒட்டின நம்கீனுக்கு (முறுக்கு, மிக்சர் மாதிரி கார வகைக்கு) 12 சதவீதம் போய் 5 ஆகுது, அக்டோபர் 14 விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் சப்போர்ட் முடியுது, அக்டோபர் 20 தீபாவளி. எல்லாம் நாலு வாரத்துக்குள்ள.

"எதுனாச்சும் ஒண்ண வாங்கிப் போட்ருய்யா, தீவாளி ஆர்டர் வந்து குவியுது"ன்னு சித்தி சொன்னாங்க. நான் ஆபீஸ்கள்ல கம்ப்யூட்டர் மாட்டிக் குடுக்கற வேலையில இருக்கறதால இதை எங்கிட்டதான் விட்டாங்க. பழசு எதனால செத்துச்சுன்னு பார்த்துட்டு அப்புறம் வாங்கலாம் சித்தி, இல்லைன்னா புதுசும் அதே வழியிலதான் போகும்னு சொல்லிட்டு ஸ்க்ரூ டிரைவர எடுத்தேன்.

பழசு ஒரு அசெம்பிள் பண்ணின டவர், நாலாவது ஜெனரேஷன் ஐ3, 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். சைடு கவரைக் கழட்டினா உள்ள தூசின்னு சொல்ல முடியாது, கடலைமாவும் அரிசிமாவும் எண்ணெய்ப் புகையில ஊறி ஹீட்சிங்க் இடுக்குல எல்லாம் பழுப்பா பசை மாதிரி அப்பிக் கிடந்துச்சு. சாதாரண கடையில தூசி காஞ்சு இருக்கும், ப்ளோயர் அடிச்சா பறந்துரும், இது பறக்காது, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்டு பிரஷ்ஷால சுரண்டினாத்தான் வரும். காத்து போக வழி இல்லாம ப்ராசஸர் சூடேறி வேகத்தைக் குறைச்சுக்கிட்டே ஓடியிருக்கு, பவர் சப்ளைக்குள்ள கெப்பாசிட்டர் ரெண்டு உச்சி உப்பிப் போயிருந்துச்சு. ஹார்ட் டிஸ்கை வெளிய எடுத்து யூஎஸ்பி கேபிள்ல என் லேப்டாப்ல மாட்டினேன், டக் டக்னு சத்தம், டிஸ்கே தன்னோட நிலைமையைச் சொல்ற ஸ்மார்ட் ரிப்போர்ட்ல ரீஅலோகேட்டட் செக்டர், அதாவது கெட்டுப்போய் ஒதுக்கின இடம், ஏறிக்கிட்டே போகுது. நல்லவேளை, பில்லும் கணக்கும் போடற டேலி சாஃப்ட்வேரோட டேட்டா ஃபோல்டர் முழுசா காப்பி ஆயிருச்சு. இந்த மாதிரி டிஸ்க் கையில கிடைச்சா முதல்ல டேட்டாவை மட்டும் எடுத்துருங்க, செக் டிஸ்க் ஓட்டிப் பார்க்கறேன், டீஃப்ராக் பண்றேன்னு அதை வேலை வாங்கவே வாங்காதீங்க, மிச்சம் இருக்கற உயிரும் அதுலயே போயிரும்.

இன்னொண்ணு, கேபினெட்டைத் தொட்டா லேசா சுருக்குன்னு ஷாக். பில் போடற அக்கா அதுக்காகவே ரப்பர் செருப்பு போட்டுக்கிட்டு உக்காருவாங்களாம். மல்டிமீட்டர் வச்சுப் பார்த்தா ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் 230 சரியா வருது, நியூட்ரலுக்கும் எர்த் பின்னுக்கும் நடுவுல அம்பது வோல்ட்டுக்கு மேல காட்டுது. நல்ல எர்த்திங்னா அது ரெண்டு மூணு வோல்ட்டுக்குள்ள இருக்கணும். சாக்கெட்ல மூணாவது ஓட்டை இருக்கு, அதுக்குப் பின்னாடி வயரே இல்ல. கம்ப்யூட்டர் பவர் சப்ளைக்குள்ள இரைச்சல வடிகட்டறதுக்கு சின்ன கெப்பாசிட்டர்கள் லைன்ல இருந்து பாடிக்குப் போகும், எர்த் இருந்தா அந்தக் கசிவு மண்ணுக்குப் போயிரும், இல்லைன்னா பாடியில பாதி வோல்டேஜ் தங்கி நிக்கும், தொடற ஆளுக்கு சுருக்குன்னு இருக்கும். கரண்ட் அளவு கம்மிதான், ஆனா பிரிண்டர், தராசுன்னு வேற வேற பிளக்ல இருந்து வர்ற சாமானை எல்லாம் ஒரே கம்ப்யூட்டர்ல கோர்க்கும்போது இந்த வோல்டேஜ்தான் யூஎஸ்பி போர்ட்டை அடிச்சிரும். அதனால கம்ப்யூட்டர் வாங்கறதுக்கு முன்னாடியே எலக்ட்ரீசியனைக் கூப்ட்டு மீட்டர் போர்டுல இருந்து தனியா ஒரு எர்த் வயர் இழுத்தோம். இந்தச் செலவை யாரும் கம்ப்யூட்டர் கணக்குல சேர்க்க மாட்டாங்க, ஆனா மொத்த வேலையில உருப்படியான செலவு இதுதான்னு நான் நினைக்கறேன்.

அடுத்து என்ன வாங்கறதுங்கற கேள்வி. பக்கத்துல பேக் தைக்கறவர் "ஐ7 போடு, பத்து வருஷத்துக்குக் கவலை இல்ல"ன்னாரு, சித்தியோட பையன் கேமிங் லேப்டாப் விளம்பரத்தை அனுப்பறான். நான் சித்திகிட்டயும் பில் போடற அக்காகிட்டயும் உக்காந்து ஒரு நாள்ல அந்த மேசையில என்னென்ன நடக்குதுன்னு மட்டும் கேட்டேன். காலையில கடைக்காரங்க ஆர்டர் வாட்ஸ்அப்ல வரும், அதைப் பார்த்து டேலியில பில், சரக்கு தராசுல ஏறும், எடை பில்லுல ஏறணும், ரோல் பிரிண்டர்ல பில் ஒண்ணு, புனேவுக்கு வண்டி போற அன்னைக்கு இ-வே பில், அதாவது வண்டியில போற சரக்குக்கு ஜிஎஸ்டியில எடுக்கற சீட்டு. மகாராஷ்டிராவுக்குள்ளயே போற சரக்குன்னா 1 லட்சத்துக்கு மேல போனாத்தான் இ-வே பில் வேணும், கோவா மாதிரி மாநிலம் தாண்டினா 50,000-க்கு மேலயே வேணும். மாசம் 11-ஆம் தேதிக்குள்ள ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனைக் கணக்கு), 20-க்குள்ள 3பி (வரி கட்டற ரிட்டர்ன்), அதை ஆடிட்டர் பார்த்துக்குவாரு, ஆனா டேட்டா இங்க இருந்துதான் போகணும். இவ்வளவுதான் வேலை. இதுல எதுவுமே ஐ7 கேக்கற வேலை இல்ல. டேலிக்கு கோர் எத்தனைங்கறதை விட டிஸ்க் எவ்வளவு வேகம்ங்கறதுதான் கணக்கு, பில்லை சேவ் பண்ணும்போது நிக்கற நிப்பு, ரிப்போர்ட் திறக்கற நேரம் எல்லாம் சுத்தற ஹார்ட் டிஸ்க்ல இருந்து சிப்புல டேட்டா வைக்கற எஸ்எஸ்டிக்கு மாறினாலே பாதிக்குப் பாதி கொறஞ்சிரும்.

மொபைல் ஆப் போதுமேன்னும் யோசிச்சோம். வ்யாபார் மாதிரி ஆப் வச்சு நல்லபடியா கடை நடத்தறவங்க இருக்காங்க, ஒரு ஆள் நடத்தற சின்னக் கடைன்னா நானே அதைத்தான் சொல்லுவேன். ஆனா இங்க ஆடிட்டர் டேலி டேட்டாவைத்தான் கேக்கறாரு, பல வருஷக் கணக்கு அதுலதான் கிடக்கு, தராசையும் கோர்க்கணும். டேலிக்கு விண்டோஸ் வேணும். அதோட மேக், குரோம்புக் பேச்சு எல்லாம் முடிஞ்சு போச்சு. எப்பவுமே இந்த வரிசையில போங்க, ஆடிட்டர் கேக்கற சாஃப்ட்வேர், அது ஓடற விண்டோஸ், அந்த விண்டோஸ் ஓடற மெஷின். தலைகீழா மெஷினை முதல்ல வாங்கிட்டு அப்புறம் சாஃப்ட்வேரைத் தேடறவங்களைத்தான் நிறைய பார்க்கறேன்.

லேப்டாப்பா டெஸ்க்டாப்பாங்கறதுலதான் ரொம்ப நேரம் பேசினோம். லேப்டாப்னா பேட்டரி உள்ளயே இருக்கு, யூபிஎஸ் செலவு மிச்சம், சாயங்காலம் வீட்டுக்கு எடுத்துட்டுப் போகலாம். எதிர்ப்பக்கம், பட்டறையில லேப்டாப் கீபோர்டுக்குள்ள மாவு இறங்கினா மாத்தறது பெரிய செலவு, பல மாடல்ல மேல் பாடியோடயே சேர்த்து மாத்தணும். 14 இன்ச் லேப்டாப்ல நம்பர் பேடு கிடையாது. டேலின்னா முழுக்க கீபோர்டு வேலை, எஃப்8 அடிச்சா சேல்ஸ், எஃப்6 ரிசிப்ட், எஃப்5 பேமெண்ட், நடுவுல எல்லாம் நம்பர்தான். அந்த அக்கா மானிட்டரைப் பார்க்காமலே வலது கையில நம்பர் பேடுல அடிக்கறவங்க. அவங்க வேகத்தைக் கெடுத்துட்டு நம்ம வசதிக்கு ஒண்ணு வாங்கறது நியாயமா? அதனால டெஸ்க்டாப்தான், ஆனா டவர் வேண்டாம். பெரிய ஃபேன் நிறைய காத்தை இழுக்கும், கூடவே இந்த எண்ணெய் மாவையும் இழுக்கும். சூடு கம்மியா இருக்கற சிப், கம்மியா காத்து இழுக்கற சின்ன டப்பா, சுவத்துல மாட்டற மாதிரி. அதாவது மினி பிசி.

மினி பிசியில ரெண்டு வழி இருந்துச்சு. ஒண்ணு இன்டெல் என்100 போட்ட புது டப்பா, 6 வாட் சிப், நாலு கோர், டேலிக்குத் தாராளமா போதும், ஃபேனே இல்லாத மாடலும் கிடைக்குது. ஃபேன் இல்லைன்னா மாவு இழுக்காதுன்னு எனக்கும் முதல்ல அதுமேலதான் கண்ணு. ஆனா மே மாசம் அந்தப் பட்டறைக்குள்ள அடுப்பு எரியும்போது நிக்கவே முடியாது, காத்தோட்டம் இல்லாத டப்பா அந்தச் சூட்டுல எத்தனை நாள் தாங்கும்? இந்த டப்பாவுல முக்காவாசி பேரே கேள்விப்படாத பிராண்டு வேற, அடாப்டர் போச்சுன்னா, போர்டு போச்சுன்னா சாமான் எங்க தேடறது? ரெண்டாவது வழி, பெரிய கம்பெனிகள் மூணு நாலு வருஷம் ஓட்டிட்டு வெளிய விடற ரீஃபர்பிஷ்டு மினி. லெனோவோ திங்க்சென்டர் எம்720க்யூ, டெல் ஆப்டிப்ளெக்ஸ் 3060 மைக்ரோ, ஹெச்பி ப்ரோடெஸ்க் 600 ஜி4 மினி, இது எல்லாம் ஒரே காலத்து சாமான். எட்டாவது ஜெனரேஷன் ஐ5-8500டி ப்ராசஸர் வர்றது, ஆறு கோர், 35 வாட். கடைசியில இருக்கற டி-ங்கற எழுத்துதான் கரண்டும் சூடும் கம்மிங்கறதுக்கு அடையாளம். ஃபேன் இருக்கு, ஆனா சின்னது, ஒரே ஸ்க்ரூவுல மூடி கழண்டு வரும், சுத்தம் பண்றது சுலபம். ஸ்பேர் பார்ட்ஸ் மும்பையில எந்த மூலையிலயும் கிடைக்கும். இதையே எடுக்கறதுன்னு முடிவு.

எட்டாவது ஜெனரேஷன்ல ஏன் இவ்வளவு பிடிவாதம்னா, விண்டோஸ் 11 இன்டெல்ல எட்டாவது ஜெனரேஷன்ல இருந்துதான் முறைப்படி ஓடும், டிபிஎம் 2.0-ங்கற செக்யூரிட்டி சிப்பும் வேணும். ஐ5-8500-ல அந்த ஹைஃபனுக்கு அடுத்த எண்தான் ஜெனரேஷன். ஐ5-6500-ன்னா ஆறாவது, ஐ5-4570-ன்னா நாலாவது. கடையில "ஐ5 ஹை பாய், ஐ5"ன்னு சத்தமா சொல்லுவாங்க, ஜெனரேஷனைக் கேட்டாத்தான் வாயைத் திறப்பாங்க. 2025-ல விண்டோஸ் 10 முடியப் போகுதுன்னதும் ஆறாவது ஜெனரேஷன் மெஷின் எல்லாம் மார்க்கெட்ல மலிவா குவிஞ்சு கிடந்துச்சு, அதுலயே செக்கை பைபாஸ் பண்ணி விண்டோஸ் 11 ஏத்தி வித்தாங்க. ஓடும், ஆனா அப்டேட்டுக்கு மைக்ரோசாஃப்ட் உத்தரவாதம் தராது. பேங்க் நெட்பேங்கிங்கும் ஜிஎஸ்டி லாகினும் நடக்கற மெஷின்ல செக்யூரிட்டி அப்டேட் வருமா வராதாங்கற சந்தேகமே இருக்கக் கூடாது.

மாஹிம்ல ஸ்லோ லோக்கல் ஏறி கிராண்ட் ரோடுல இறங்கினா ஈஸ்ட் பக்கம் கம்ப்யூட்டர் கடைங்க இருக்கற லேமிங்டன் ரோடு, பேப்பர்ல டாக்டர் டி. பட்கம்கர் மார்க். ஞாயித்துக்கிழமை போகாதீங்க, பாதி கடை பூட்டித்தான் இருக்கும். நான் கையில ஒரு பென்டிரைவ், அதுல டிஸ்க் ஹெல்த் பார்க்கற கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ, அவ்வளவுதான் எடுத்துட்டுப் போனேன். கடையில மெஷினைப் போட்டு என்னென்ன பார்த்தேன்னு சொல்றேன், ரீஃபர்பிஷ்டு எடுக்கற யாருக்கும் உதவும்.

முதல்ல, லெனோவோன்னா எஃப்1 தட்டி, பயாஸுக்குள்ள (விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடி வர்ற மெஷினோட செட்டிங் பக்கம்) போக முடியுதான்னு பார்க்கணும். கம்பெனியில இருந்து வர்ற மெஷின்ல சூப்பர்வைசர் பாஸ்வேர்டு போட்டிருப்பாங்க, அது இருந்துச்சுன்னா பின்னாடி ஒரு செட்டிங்கையும் மாத்த முடியாது. முதல்ல காட்டின பீஸ் அப்படித்தான் இருந்துச்சு, "வேலைக்கு ஒண்ணும் ஆகாது"ன்னாரு கடைக்காரர், வேற எடுங்கன்னு சொல்லிட்டேன். பயாஸ்ல காட்டற சீரியல் நம்பரும் பாடியில ஒட்டியிருக்கற ஸ்டிக்கர் நம்பரும் ஒண்ணா இருக்கணும், வேற வேறன்னா போர்டு மாத்தின மெஷின். அந்த நம்பரை பிராண்டோட வாரண்டி பக்கத்துல போட்டா அது எந்த வருஷம் கிளம்பினதுன்னு தெரிஞ்சிரும். அடுத்து ரன் பாக்ஸ்ல டிபிஎம் டாட் எம்எஸ்சி அடிச்சா 2.0-ன்னு வரணும். அப்புறம் ரொம்ப முக்கியமா விண்டோஸ் லைசென்ஸ். ஆக்டிவேட்டட்னு மட்டும் பார்த்துட்டு விட்றாதீங்க. ரன் பாக்ஸ்ல எஸ்எல்எம்ஜிஆர், ஒரு ஸ்பேஸ், ஸ்லாஷ், எக்ஸ்பிஆர் அடிங்க. பெர்மனென்ட்லின்னு வந்தா சரி. ஒரு தேதி போட்டு அன்னைக்கு முடியும்னு வந்துச்சுன்னா அது பெரிய கம்பெனிகளுக்கான கேஎம்எஸ் வழியில ஆக்டிவேட் பண்ணினது, 180 நாளுக்கு ஒரு தடவை புதுப்பிக்கணும், கடையில விக்கற மெஷின்ல அது இருந்தா பெரும்பாலும் கிராக்தான். கிராக் பண்ற டூல்கள் ஆன்டிவைரஸை அணைச்சிட்டுத்தான் உள்ள வரும், கூட வேற என்ன வந்துச்சுன்னு யாருக்கும் தெரியாது. பிசினஸ் மாடல் மினிகள்ல விண்டோஸ் ப்ரோ லைசென்ஸ் பெரும்பாலும் போர்டுக்குள்ளயே பதிஞ்சு வந்திருக்கும், சுத்தமா இன்ஸ்டால் பண்ணினாலே தானா ஆக்டிவேட் ஆயிரும், காசு குடுத்து வாங்க வேண்டியதே இல்ல.

எஸ்எஸ்டி ஹெல்த் 80-களில காட்டுச்சு. அந்த எஸ்எஸ்டியை அவங்ககிட்டயே திருப்பிக் குடுத்துட்டு புதுசா 500 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி ஒண்ணு வாங்கினேன். மெஷின் பழசா இருக்கலாம், டேட்டா உக்கார்ற இடம் பழசா இருக்கக் கூடாது. ரேம் 8 ஜிபி ஒரே ஸ்டிக்கா இருந்துச்சு, இன்னொரு 8 போட்டு 16 ஆக்கினோம், டிடிஆர்4 லேப்டாப் ரேம்தான் இதுக்கும். அதுக்கு அடுத்து வந்த மாசங்கள்ல ரேம் விலை எப்படி ஏறுச்சுன்னு தெரியும், ஏஐ டேட்டா சென்டருக்கே எல்லாம் போய், டிடிஆர்4 கூட தொட முடியாம ஆயிருச்சு. இப்ப எடுக்கறவங்க ரேம் ஏற்கனவே 16 இருக்கற பீஸாப் பார்த்து எடுக்கறது லாபம்.

பில் விஷயம். "பில் வேண்டாம்னா 18 பர்சென்ட் மிச்சம்"னு கடையில சொல்லுவாங்க. சித்தி ரெகுலர் ஜிஎஸ்டியில இருக்காங்க, பில் இருந்தா அந்த 18 சதவீதம் இன்புட் கிரெடிட்டா, அதாவது நாம கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில கழிஞ்சு, திரும்பி வந்துருது, அப்ப பில் இல்லாம வாங்கறதுல என்ன மிச்சம்? சில பழைய சாமான் கடையில லாபத்துக்கு மட்டும் வரி கட்டற மார்ஜின் ஸ்கீம்ல பில் போடுவாங்க, அதுல கிரெடிட் கிடைக்காது, அதனால வரி தனியா காட்டின டேக்ஸ் இன்வாய்ஸான்னு முன்னாடியே கேட்டுக்கோங்க. காசையும் ரொக்கமா குடுக்காதீங்க. ஒரு நாள்ல ஒருத்தருக்கு 10,000-க்கு மேல ரொக்கமா குடுத்து வாங்கின சொத்துக்கு வருமான வரியில தேய்மானம் காட்ட முடியாது. கம்ப்யூட்டருக்கு 40 சதவீதம் தேய்மானம் உண்டு, அந்த நிதியாண்டுல 180 நாளுக்குக் குறைவா ஓடியிருந்தா அதுல பாதிதான். செப்டம்பர் முடியறதுக்குள்ள மெஷினை ஓட வச்சா அந்த வருஷமே முழுசா காட்டலாம்னு ஆடிட்டர் சொன்னது எங்களுக்கு சரியான நேரத்துல கிடைச்ச தகவல்.

மானிட்டர் புதுசா 22 இன்ச், பின்னாடி சுவத்துல மாட்டறதுக்கான 100க்கு 100 எம்எம் வெசா ஓட்டை இருக்கான்னு பார்த்து வாங்கினோம், கீபோர்டு டிவிஎஸ் கோல்டு, அந்த அக்காவுக்குப் பழக்கமானது, கீ எல்லாம் தனித்தனியா கழட்டி சோப்புத் தண்ணியில கழுவிப் போடலாம், 600 விஏ யூபிஎஸ் ஒண்ணு. எல்லாம் சேர்த்து முப்பத்தஞ்சாயிரத்தை ஒட்டி வந்துச்சு. புது பிராண்டட் ஐ5 டெஸ்க்டாப்னா மெஷினுக்கு மட்டுமே அதைத் தாண்டியிருக்கும்.

மாட்டற இடத்தை யோசிக்கத்தான் ஒரு சாயங்காலம் போச்சு. தரையில வச்சா மழைக்காலத்துல தண்ணி ஏறும், தாராவியில இது எல்லாருக்கும் தெரியும். மேல் தட்டுல வச்சா எண்ணெய்ப் புகை மேலதான் போய் சேரும், அங்க சுவரைத் தொட்டாலே கை பிசுபிசுங்கும். அதனால மேசை மட்டத்துக்கு கொஞ்சம் மேல, அடுப்புக்கு எதிர்ப்பக்க சுவத்துல மானிட்டரை மாட்டி, அதுக்குப் பின்னாடி மினியை மாட்டினோம், காத்து இழுக்கற பக்கம் வாசலைப் பார்த்து இருக்கற மாதிரி. கண்ணாடிப் பெட்டி செஞ்சு மூடிரலாமான்னு சித்தி கேட்டாங்க. மூடினா உள்ள வெந்துரும் சித்தி, அதுக்குப் பதில் மாசத்துக்கு ஒரு தடவை மூடியைக் கழட்டித் துடைச்சிருவோம்னு சொன்னேன்.

பயாஸ்ல ஆஃப்டர் பவர் லாஸ்னு ஒரு செட்டிங், அதை பவர் ஆன்ல வச்சேன், ஏன்னா இப்ப பட்டன் மானிட்டருக்குப் பின்னாடி இருக்கு, மெயின் சுவிட்ச் போட்டாலே மெஷின் தானா எழுந்துக்கணும். யூபிஎஸ்ல மினி, மானிட்டர், வைஃபை ரௌட்டர் மட்டும். மூணும் சேர்ந்து அறுபது வாட்டைத் தாண்டல, பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தோம், அரை மணி நேரத்துக்கு மேல நின்னுச்சு. 12 வோல்ட் 7 ஆம்பியர் ஹவர் பேட்டரின்னா கணக்குப்படி 84 வாட் ஹவர், மாத்தறதுல போற நஷ்டம் கழிச்சா அவ்வளவுதான் வரும். டவரா இருந்தா பத்து பதினஞ்சு நிமிஷம் நின்னாலே பெருசு. பேட்டரி மேல வாங்கின மாசத்தை மார்க்கர்ல எழுதி வச்சேன், ரெண்டு மூணு வருஷத்துல மாத்தணும், எழுதலைன்னா யாருக்கும் ஞாபகம் இருக்காது.

தராசுதான் கொஞ்சம் படுத்துச்சு. பிளாட்ஃபார்ம் தராசு, பின்னாடி ஒன்பது பின் ஆர்எஸ்-232 போர்ட். மினியில சீரியல் போர்ட் இல்ல, சில பீஸ்ல ஆப்ஷனா வரும், எங்களுக்குக் கிடைச்சதுல வரல. ஒரு கடையில யூஎஸ்பி சீரியல் கேபிள் வாங்கிட்டு வந்து சொருகினா டிவைஸ் மேனேஜர்ல மஞ்சள் முக்கோணம், பிஎல்2303ஹெச்எக்ஸ்ஏ-ங்கற சிப்பு 2012-லயே நிறுத்தியாச்சு, வித்தவரைக் கேளுங்கங்கற அர்த்தத்துல ஒரு வரி வருது. சிப்பு ரொம்பப் பழசு, இல்லைன்னா அதோட நகல். இந்த சிப்புக்கு பழைய டிரைவரைத் தேடிப் பிடிச்சுப் போட்டு ஓட்டறவங்க இருக்காங்க, ஆனா விண்டோஸ் அப்டேட் வந்து புது டிரைவரை ஏத்திச்சுன்னா மறுபடி படுத்துரும், அதுவும் தீபாவளி வாரத்துல படுத்தா யார் ஓடறது? அதைத் திருப்பிக் குடுத்துட்டு எஃப்டிடிஐ சிப் போட்ட கேபிள் வாங்கினோம், விலை நாலு மடங்கு. சொருகினதும் எடுத்துக்கிச்சு. இதுல இன்னொரு நல்லது, ஒவ்வொரு எஃப்டிடிஐ சிப்புலயும் தனி சீரியல் நம்பர் இருக்கறதால எந்த யூஎஸ்பி ஓட்டையில மாத்திச் சொருகினாலும் அதே காம் நம்பர்தான் (போர்ட்டுக்கு விண்டோஸ் குடுக்கற நம்பர்) வரும். மலிவு கேபிள்ல ஓட்டை மாறினா காம்3 காம்5 ஆயிரும், எடை வராது, பாவம் அந்த அக்கா என்ன பண்ணுவாங்க.

தராசு பேசற முறைக்கான செட்டிங், 9600 பாட், 8 பிட், பாரிட்டி இல்ல, ஸ்டாப் பிட் 1, தராசுக்காரர் குடுத்த தாள்ல இருந்ததையே போட்டோம், நம்பர் ஓட ஆரம்பிச்சிருச்சு. எடையைப் படிச்சு கர்சர் இருக்கற இடத்துல தட்டி விடற சின்ன சாஃப்ட்வேர் ஒண்ணு பின்னாடி ஓடுது, அக்கா அளவு கட்டத்துல நின்னு ஒரு கீ அமுக்கினா எடை வந்து விழுது, கையால அடிக்கற வேலை இல்ல. பவர் ஆப்ஷன்ல யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்டை ஆஃப் பண்ணணும், இல்லைன்னா கொஞ்ச நேரம் சும்மா இருந்தா போர்ட் தூங்கிரும். ஒரு எச்சரிக்கை, போர்ட் இல்லாத தராசைத் திறந்து உள்ள போர்ட் வச்சுத் தர்றேன்னு யாராவது சொன்னா விடாதீங்க, லீகல் மெட்ராலஜி சீல் உடைஞ்சா அந்தத் தராசை வியாபாரத்துக்கு வைக்கவே கூடாது, மறுபடி முத்திரை வாங்கணும்.

ரோல் பிரிண்டர் பழசே நல்லா இருந்துச்சு, 80 எம்எம். சித்திக்கு பில்லுல சரக்குப் பேரு தமிழ்ல வரணும்னு ரொம்ப நாள் ஆசை, பேக்கிங்ல இருக்கற பொம்பளைங்க முக்காவாசிப் பேர் ஊர்க்காரங்க, தமிழ்ல இருந்தா பார்த்தே எடுத்து வைப்பாங்க. பழைய மெஷின்ல கேள்விக்குறியா வந்துச்சாம். காரணம், இந்த பிரிண்டருக்கு நேரா எழுத்தா அனுப்பினா அதுக்குள்ள இருக்கற ஃபான்ட்ல தமிழ் கிடையாது. விண்டோஸ் டிரைவர் வழியா போனா தமிழை விண்டோஸே படமா வரைஞ்சு அனுப்பும், பிரிண்டர் புள்ளி புள்ளியா அடிச்சிரும். டிரைவரைப் போட்டு நிர்மலா யூஐ ஃபான்ட்ல அடிச்சோம், கொம்பு, சுழி எல்லாம் சரியா விழுந்துச்சு. வேகம் கொஞ்சம் கம்மிதான், ஆனா "சின்ன முறுக்கு, உப்புச்சேவு"ன்னு தமிழ்ல பில் வந்ததும் மேல இருந்து எல்லாரும் இறங்கி வந்து பார்த்தாங்க. கடைக்குப் போற பில் இங்கிலீஷ்லயே, உள்ள பேக்கிங்குக்குப் போற சீட்டு மட்டும் தமிழ்ல. பில் டெம்ப்ளேட்ல உணவு லைசென்ஸோட 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ நம்பரையும் சேர்த்தாச்சு, உணவுக் கடை பில்லுல அது 2022 ஜனவரியில இருந்தே கட்டாயம்.

ஜிஎஸ்டி ரேட் மாத்தறதுக்கு டேலியில பழைய 12-ஐ அழிச்சிட்டு 5 போடக் கூடாது, செப்டம்பர் 22-ல இருந்து 5-ன்னு தேதியோட போடணும். அப்பத்தான் முன்னாடி போன சரக்கு திரும்பி வந்து இப்ப கிரெடிட் நோட் போட்டாலும் 12-லயே வரும். 21 ராத்திரி பட்டறை மூடினதுக்கு அப்புறம் உக்காந்து ஒவ்வொரு அயிட்டமா மாத்தி, 21 தேதிக்கு ஒண்ணு 22 தேதிக்கு ஒண்ணு டெஸ்ட் பில் போட்டுப் பார்த்துட்டு அழிச்சோம்.

கடைசியா பேக்கப். இதுக்கு நான் யார்கிட்டயும் விட்டுக்குடுக்க மாட்டேன். தினம் ராத்திரி எட்டு மணிக்கு டாஸ்க் ஷெட்யூலர் டேலி டேட்டா ஃபோல்டரை தேதி போட்ட ஒரு ஃபோல்டர்ல காப்பி பண்ணும், அது ஆன்லைன் டிரைவுக்கும் ஏறும். அந்த நேரத்துல டேலி மூடியிருக்கணும், திறந்திருந்தா காப்பி பாதியில நிக்கும், அதனால ஏழரைக்கு மூடறதுன்னு அக்காகிட்ட பேசி வச்சாச்சு. அது போக பென்டிரைவ் ரெண்டு, ஒண்ணு கடையில, ஒண்ணு வீட்டுல, சனிக்கிழமை மாத்திக்கறது. எப்பவுமே சொருகி வச்சிருக்கற பென்டிரைவ் பேக்கப் ஆகாது, ஃபைலைப் பூட்டிட்டுப் பணம் கேக்கற ரான்சம்வேர் வந்தா அதையும் சேர்த்துப் பூட்டிரும். பேக்கப் இருக்குன்னு நம்பறதோட நிறுத்தாம, அந்தப் பென்டிரைவை ஆடிட்டர் ஆபீஸுக்கு எடுத்துட்டுப் போய் அவங்க டேலியில ரெஸ்டோர் பண்ணி, எல்லாக் கணக்கோட மிச்சத்தையும் காட்டற ட்ரையல் பேலன்ஸை பட்டறை மெஷின்ல இருக்கறதோட வச்சுப் பார்த்தோம். பைசா வரைக்கும் ஒத்துப் போச்சு. இனி மூணு மாசத்துக்கு ஒரு தடவை, ஜிஎஸ்டி வேலைக்கு ஆடிட்டர் ஆபீஸ் போற அன்னைக்கே இந்த ரெஸ்டோரையும் பண்ணிட்டு வர்ற பொறுப்பை சித்தியோட பையன் எடுத்துக்கிட்டான்.